கணக்கால் வென்ற சேனாபதி

யுத்தத்தில் வீரம் பெரிதா, கணக்குப் பெரிதா என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் சற்றும் யோசியாமல் வீரமே பெரிது என்று விடை பகர்வோம். பரணி பாடிய நாடு நம்முடையது. யானையின் மீது வேலெறிந்தவனையும் மார்பிலே புண் ஏற்றவனையும் கொண்டாடிப் பழகியவர்கள் நாம். காகிதமும் பென்சிலுமாக ஒரு மூலையில் உட்கார்ந்து, எதிரியின் பீரங்கி எங்கே ஒளிந்திருக்கிறது, அது எத்தனை கஜ தூரம், இன்று காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கணக்கிட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனிதனை வீரன் என்று சொல்ல நமக்கு எளிதில் மனம் வருவதில்லை. ஆயினும் அப்படிக் கணக்கிட்ட ஒருவரால் ஒரு சிறிய தேசத்தின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உயிருடன் வீடு திரும்பினார்கள். அவர் வரலாறு, வெறும் ஆவேசத்தையே தேச சேவையென்று மயங்குகிறவர்கள் ஒருமுறை படிக்கத்தக்கது.

அவர்தாம் கானடா தேசத்து ஜெனரல் ஆண்ட்ரூ மக்நாட்டன். அவர் காலஞ்சென்று அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. தம் நாட்டிலே அவர் பெயர் பெற்ற மனிதர். நம் நாட்டிலோ, காஷ்மீர் வழக்கின் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டுகிறவர்களுக்கு மட்டுமே அவர் பெயர் தெரியும். 1949-ஆம் வருஷக் கடைசியில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே நின்று சமரசம் பேசியவர் அவரே. அந்தச் சமரசம் பலிக்கவில்லை. அது ஏன் பலிக்கவில்லை என்பதை உணர வேண்டுமானால், அதற்கு முப்பத்திரண்டு வருஷங்களுக்கு முன்னர் பிரான்ஸ் தேசத்துச் சேற்றிலே அவர் எதைச் சாதித்தார் என்பதை முதலில் உணர வேண்டும்.

1887-ஆம் வருஷம் பிப்ரவரி 25-ந் தேதி, கானடாவின் மேற்குச் சமவெளியிலுள்ள மூஸோமின் என்னும் சிற்றூரில் மக்நாட்டன் பிறந்தார். ரயில் பாதை வந்து சில வருஷங்களே ஆகியிருந்த புது ஊர் அது. ஸஸ்காச்சுவான் என்ற மாகாணமே அப்போது ஏற்படவில்லை. தகப்பனார் வர்த்தகர். பையன் மாண்ட்ரீல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில் சேர்ந்து மின்சார எஞ்சினீயரிங் பயின்றார். 1910-இல் பட்டமும், 1912-இல் மேற்பட்டமும் பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். 1909 முதல் தொண்டர் படையின் பீரங்கிப் பிரிவில் ஓய்வு நேரத்தில் பயிற்சி பெற்று வந்தார். தொழிலால் அவர் ஆசிரியர். பட்டாளம் அவருக்கு உப தொழில்.

1914 ஆகஸ்டில் பிரிட்டன் ஜெர்மனியின் மீது யுத்தப் பிரகடனம் செய்தது. அந்த ஒரு பிரகடனத்தினாலேயே கானடாவும் யுத்தத்தில் இறங்கியதாயிற்று. குடியேற்ற நாட்டை யாரும் தனியாக அபிப்பிராயம் கேட்கவில்லை. மக்நாட்டன் ஒரு பீரங்கிப் பிரிவுக்குத் தலைவராகக் கடல் கடந்தார். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்து ஈப்ர நகரின் அருகே ஜெர்மானியர் முதன்முதலாகக் குளோரின் விஷப்புகையைப் பெரிய அளவில் ஏவினார்கள். கானடியரும், பின்னர் அவர்களுக்கு உதவியாகச் சென்ற நம் இந்தியச் சிப்பாய்களின் லாகூர் டிவிஷனும் ரத்தம் சிந்திய போர்க்களம் அது. மக்நாட்டன் அங்கே காயமுற்றார். குணமானதும் மீண்டும் களத்துக்கு வந்தார். யுத்தம் முடிவதற்குள் மற்றொரு முறையும் காயமுற்றார். ஆகவே, பாதுகாப்பான இடத்திலிருந்து பிறரைச் சாகக் கட்டளையிட்டவர் என்று அவரை எவரும் குற்றஞ்சாட்ட இயலாது.

அந்த யுத்தத்திலே காலாட்படை அழிந்த விதம் மிகக் கோரமானது. சிப்பாய் பள்ளத்திலிருந்து ஏறி முள்வேலியை நோக்கி ஓடுவான். எதிரே இயந்திரத் துப்பாக்கி. பின்னே, அவன் கண்ணுக்கே தெரியாத தூரத்தில், மேட்டுக்கு அப்பால் எதிரியின் பீரங்கி. 1916 ஜூலை முதல் தேதி ஸோம் நதிப் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படைக்கு ஏற்பட்ட சேதம் 57,470 பேர். அவர்களில் 19,240 பேர் மாண்டார்கள். அதற்கு முன் ஒரு வார காலம் பதினைந்து லட்சம் குண்டுகளைப் பொழிந்திருந்தார்கள். குண்டுக்குக் குறைவில்லை. எந்த இடத்தில் விழ வேண்டும் என்ற அறிவுக்குத்தான் குறைவு. முள்வேலிகள் பல இடங்களில் அறவே அறுபடவில்லை. எதிரியின் பீரங்கிகள் பெரும்பாலும் வாய் மூடவில்லை. குறி தெரியாமல் எறிந்த கல் எண்ணிக்கையில் எத்தனையானால் என்ன?

இந்நிலையில் கானடியப் படைக்கு ஒரு கட்டளை வந்தது. பிரான்ஸின் அர்ராஸ் நகருக்கு வடக்கே ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு விமி என்னும் மேடு ஒன்று உண்டு. அதன் உச்சியிலிருந்து பார்த்தால் சுற்றுப்புறச் சமவெளி முழுவதும் உள்ளங்கை நெல்லிக்கனி. ஜெர்மானியர் 1914 முதல் அதைப் பிடித்து அரண் செய்திருந்தார்கள். அதை மீட்க 1915-இல் முயன்ற பிரெஞ்சுப் படை லட்சக்கணக்கில் சேதமுற்றுப் பின்வாங்கியது. அதே மேட்டை இப்போது கானடியர் பிடிக்க வேண்டும். படைத் தலைவர் பிங் என்ற ஆங்கிலேயர். அவர் கீழ் முதல் டிவிஷனை நடத்தியவர் கர்ரி என்ற கானடியர். இவ்விருவரும் ஸோம் நதிப் பாடத்தை மறவாதவர்கள். 1917-ஆம் வருஷத் துவக்கத்தில், எதிரியின் பீரங்கிகளைத் தேடிப் பிடித்து அடக்குவதற்கென்றே தனியாக ஒரு காரியாலயம் அமைத்து, முப்பது வயதான மக்நாட்டனை அதன் அதிகாரியாக நியமித்தார்கள்.

அவர் முதலிற் செய்த வேலை, கற்றுக்கொள்வது. இத்துறையில் முன்னேறியிருந்த பிரிட்டிஷ், பிரெஞ்சு அதிகாரிகளிடம் சென்று அவர்களுடைய முறைகளைக் கேட்டறிந்தார். இரண்டாவதாக, விஞ்ஞானிகளை அழைத்தார். பழைய பட்டாளத்து அதிகாரிகள் பலர் அக்காலத்தில் விஞ்ஞானி என்றால் முகம் சுளித்தவர்கள். சர்வகலாசாலையிலிருந்து வந்த மக்நாட்டனுக்கு அந்த அகம்பாவம் இல்லை.

ஒளிந்திருக்கும் பீரங்கியைக் கண்டுபிடிப்பது எப்படி? வக்கீல் தொழில் செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே சாட்சியை நம்பி எவனுக்கும் தண்டனை விதிக்கலாகாது. தனித்தனியே நின்ற பல சாட்சிகளின் வாக்குமூலம் ஓரிடத்தில் ஒத்துப்போனால் குற்றவாளி அகப்பட்டுக்கொள்கிறான். மக்நாட்டனின் முறையும் அதுவே. பீரங்கி வெடிக்கும்போது ஒரு மின்னல் தோன்றும். வெவ்வேறு இடங்களில் நின்ற காவலர்கள் அதே மின்னலைத் தத்தம் கருவியால் நோக்கித் திசையைக் குறிப்பார்கள். படத்தில் அந்தக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் பீரங்கி இருக்கிறது. இது கண் சாட்சி.

காது சாட்சி இதைவிட வியப்பானது. சப்தம் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 330 மீட்டர் வேகத்தில் செல்வது. தம் வரிசைக்குப் பின்னே ஆறு இடங்களில் ஒலிக்கருவிகளை வைத்தார்கள். பீரங்கியின் ஓசை அருகிலுள்ள கருவிக்கு முன்னும் தொலைவிலுள்ளதற்குப் பின்னும் எட்டும். அந்தக் கால வித்தியாசம் ஓடும் பிலிம் சுருளில் பதிவாகும். அதைக் கொண்டு பீரங்கி இருக்கும் இடத்தைக் கணித்துவிடலாம். இம்முறையைப் பிரிட்டிஷ் படையில் வளர்த்தவர் லாரன்ஸ் பிராக். 1915-இல் தமது இருபத்தைந்தாவது வயதிலேயே நோபல் பரிசு பெற்ற பௌதிக அறிஞர் அவர். ஆரம்பத்தில் ஒரு சங்கடம் இருந்தது. பறந்து வரும் குண்டு தலைக்கு மேலே கிளப்பும் கூரிய சப்தமே கருவியில் விழுந்தது. பீரங்கியின் தாழ்ந்த ஓசை அதில் மறைந்துபோயிற்று. டக்கர் என்ற அவருடைய துணைவர் ஒரு குடிசையில் படுத்திருந்தபோது, பீரங்கி முழங்கும் போதெல்லாம் சுவர்த் துவாரத்தின் வழியே தம் முகத்தில் குளிர்காற்று வீசுவதைக் கவனித்தார். மின்சாரத்தால் சூடேற்றிய மெல்லிய கம்பியை அத்தகைய துவாரத்தில் வைத்தால், பீரங்கியின் ஓசையில் எழும் காற்று அதைக் குளிர்விக்கும். மற்றச் சப்தங்களுக்கு அது அசையாது என்று கண்டார். 1916-இல் அக்கருவி போர்க்களத்துக்கு வந்தது. மின்சார எஞ்சினீயரான மக்நாட்டன் அதன் மதிப்பை உடனே அறிந்து முழு அளவில் கையாண்டார்.

ஆகாய விமானத்திலிருந்து எடுத்த படங்கள் மூன்றாவது சாட்சி. கைதிகளின் வாக்குமூலம் நான்காவது சாட்சி. இத்தனையையும் ஒரே காரியாலயத்தில் குவித்து, நாள்தோறும் ஒப்பிட்டுத் திருத்தி, எதிரியின் ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு பதிவு வைத்தார்கள்.

எதிரியை அளந்தால் மட்டும் போதாது. தன்னையும் அளக்க வேண்டும். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பீரங்கிகள் ஒரே மாதிரி சுடுவதில்லை. ஆயிரக்கணக்கில் சுட்டுக் குழல் தேய்ந்த பீரங்கியின் குண்டு முன்னதாகவே விழுந்துவிடும். காற்றின் வேகம், குளிர், காற்றழுத்தம் ஆகியவையும் குண்டின் போக்கை மாற்றும். ஆகவே மக்நாட்டன் தம் பீரங்கிகளின் தேய்மானத்தை அளக்கச் செய்து, அன்றைய வானிலைக்குத் தக்கபடி கணக்கைத் திருத்தினார். தன் பக்கத்துக் குறையை ஒளிக்காமல் எழுதி வைத்துக்கொண்டு அதற்கேற்ற திருத்தம் செய்வது போர்க்களத்தில் மட்டும் வேண்டிய குணம் அன்று என்பதை நேயர்கள் உணர்வார்கள்.

அதே கானடியப் படையில் மற்றொரு பீரங்கி அதிகாரியும் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆலன் புரூக் என்ற ஆங்கிலேயர். காலாட்படைக்கு முன்னே ஒரு திரை போலக் குண்டுகள் விழுந்துகொண்டே மெல்ல நகர்ந்து செல்லும் திட்டத்தை வகுத்தவர்களில் அவர் முக்கியமானவர். மூன்று நிமிஷத்துக்கு நூறு கஜம் என்ற கதியில் திரை முன்னேறும். சிப்பாய்கள் அதை ஒட்டியே நடக்க வேண்டும். புரூக் சிப்பாயின் முன்னுள்ள அகழிகளை அடைத்தார். மக்நாட்டன் தொலைவிலிருந்த பீரங்கிகளின் வாயை அடைத்தார். இவ்விரு பெயர்களையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கால் நூற்றாண்டுக்குப் பின் இவ்விருவரும் மறுபடி சந்திக்கப் போகிறார்கள்; நண்பர்களாக அல்ல.

1917 ஏப்ரல் 9-ந் தேதி, ஈஸ்டருக்கு மறுநாள், காலை ஐந்தரை மணி. பனியும் மழையும் கலந்து எதிரியின் முகத்தில் அடித்தது. கானடாவின் நான்கு டிவிஷன்களும் முதன்முறையாக ஒன்றாகப் போருக்கு எழுந்தன. எதிரே இருந்த ஜெர்மானியரின் 212 பீரங்கிகளில் நூற்றுக்கு 83 பங்கின் இருப்பிடம் அதற்குள் மக்நாட்டனின் பதிவேட்டில் ஏறியிருந்தது. தாக்குதல் தொடங்கிய கணத்தில் அவற்றின் மீது குண்டும் விஷப்புகையும் விழுந்தன. அன்று பிற்பகலுக்குள் மேட்டின் பெரும் பகுதி கானடியர் வசமாயிற்று. 12-ந் தேதிக்குள் முழுவதும் வசமாயிற்று. இந்த வெற்றிக்கும் விலை உண்டு. 3,598 கானடியர் மாண்டார்கள். அந்த எண்ணைச் சிறிது என்று சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆனால் அதே மேட்டில் முன்னர் மாண்டவர்களின் தொகையோடு ஒப்பிட்டால், காகிதத்தில் எழுதிய எண்கள் எத்தனை பேருக்குக் கவசமாக நின்றன என்பது விளங்கும். மேலதிகாரிகள் அவருடைய சேவையை அறிக்கைகளில் பாராட்டினார்கள். அவ்வருஷம் டி.எஸ்.ஓ. என்ற விருதும், யுத்தம் முடிந்தபின் மற்றொரு கௌரவமும் அவருக்குக் கிடைத்தன.

கணக்குத் தெரிந்தவன் இருந்தால் மட்டும் போதுமா? அவன் சொல்லைக் கேட்கிறவனும் வேண்டும். அதே வருஷம் இலையுதிர் காலத்தில், சேறு நிறைந்த பாஷண்டேல் கிராமத்தைப் பிடிக்குமாறு பிரதம சேனாபதி ஹேக் கட்டளையிட்டார். அதற்குள் கானடியப் படைக்குத் தலைவராகியிருந்த கர்ரி, இதற்குப் பதினாறாயிரம் பேர் சேதமாவார்கள் என்று கணக்கிட்டு ஆட்சேபித்தார். ஆட்சேபணை ஏற்கப்படவில்லை. பீரங்கிகள் சேற்றில் அமிழ்ந்தன. கிராமம் பிடிபட்டது, சேதம் 15,654 பேர். கர்ரியின் கணக்குத் தவறவில்லை. அதைக் கேட்டும் கேளாத மேலிடந்தான் தவறியது. நம்மவர் அனைவரும் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும்.

1918 ஆகஸ்டு 8-ந் தேதி அமியேன் நகரருகே நடந்த பெருந்தாக்குதலில், இந்தக் கலை முழு வளர்ச்சி பெற்றிருந்தது. முன்கூட்டி ஒரு குண்டும் சுட்டுக் குறி பாராமல், கணக்கை மட்டும் நம்பி அத்தனை பீரங்கிகளும் ஒரே நொடியில் முழங்கின. ஜெர்மானியருக்கு முன்னெச்சரிக்கையே இல்லை.

மக்நாட்டனின் மிகச் சிறந்த வேலை யுத்தம் முடியப் பத்து நாள் இருக்கும்போது நிகழ்ந்தது. அப்போது அவர் பிரிகேடியர் ஜெனரல்; கானடியப் படையின் கனரகப் பீரங்கிகள் முழுவதற்கும் தலைவர். வாலென்சியென் என்ற பிரெஞ்சு நகருக்குத் தெற்கேயுள்ள ஹூய் குன்றை அக்டோபர் 28-ந் தேதி தாக்கிய ஸ்காட்லாந்துப் படை அதைப் பிடித்தும் இழந்தும் பின்வாங்கியது. யுத்தம் முடியும் தறுவாயில் வீணே உயிர்களைப் பலியிடக் கர்ரி விரும்பவில்லை. உயிருக்குப் பதிலாகக் குண்டைச் செலவிடுவது என்று தீர்மானித்தார்கள். நவம்பர் முதல் தேதி, ஒரே ஒரு பிரிகேட் காலாட்படைக்குத் துணையாக 2,140 டன் குண்டுகளைச் சுட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த யுத்தம் முழுவதிலும் இரு கட்சியாரும் சுட்ட குண்டுகளுக்கு ஏறக்குறைய ஈடான எடை இது. போர்முனை வளைந்து கிடந்ததைச் சாதகமாக்கிக்கொண்டு, முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் மட்டுமின்றி எதிரியின் முதுகுப் பக்கத்திலும் குண்டுகள் விழும்படி மக்நாட்டன் திட்டம் வகுத்தார். நகரத்தில் பிரெஞ்சுக் குடிமக்கள் நிறைந்திருந்தபடியால் நகரத்தின் மீது சுடக் கூடாது என்பதும் திட்டத்தில் ஒரு பகுதி. குன்று வசமாயிற்று. கைதியான ஜெர்மானியர் ஏறக்குறைய 1,800 பேர்; மாண்ட ஜெர்மானியர் எண்ணூறுக்கு மேல்; மாண்ட கானடியர் நூற்றுக்கும் குறைவு. எதிரியும் மனிதனே என்ற எண்ணம் இந்தக் கணக்கைப் படிக்கிறவர் மனத்தை உறுத்தாமல் இராது. ஆயினும் தன் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்றுவது தளபதியின் முதல் தர்மம். அதை அவர் நிறைவேற்றினார்.

இதுகாறும் கூறியது வெற்றியின் கதை. இனிக் கூறுவது வேறு.

யுத்தத்துக்குப் பின் மக்நாட்டன் சேனையிலேயே தங்கி, 1929-இல் கானடியச் சேனையின் தலைமை அதிகாரியானார். வானொலி அலை வரும் திசையைக் காட்டும் கருவியொன்றை ஸ்டீல் என்பவருடன் சேர்ந்து கண்டுபிடித்ததும் இடைக்காலத்தில் நிகழ்ந்தது. அப்போது உலகெங்கும் பொருளாதார மந்தம். கானடாவில் லட்சக்கணக்கான வாலிபர்கள் வேலையின்றி ரயிலேறி ஊர் ஊராய்த் திரிந்தார்கள். 1932-இல் பிரதம மந்திரி பென்னட்டிடம் மக்நாட்டன் ஒரு திட்டம் கொடுத்தார். மணமாகாத, வேலையற்ற ஆடவர்களை முகாம்களில் சேர்த்து, உணவும் உடையும் இருப்பிடமும் கொடுத்து, சாலையும் விமான நிலையமும் அமைக்கச் செய்வது. நாளொன்றுக்கு இருபது ஸெண்டு கைச்செலவுக்குக் கொடுப்பது. சேனை இலாகா நிர்வகித்த அம்முகாம்களில் 1,70,000 பேர் வரை வந்து சென்றார்கள். கணக்குப்படி எல்லாம் சரி: உணவு உண்டு, போர்வை உண்டு, வைத்தியம் உண்டு. ஆனால் நியாயமான கூலி இல்லை. தங்கள் பேச்சுக்கு மதிப்பில்லை என்று வாலிபர்கள் கருதினார்கள். 1935 ஏப்ரலில் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஜூனில் சரக்கு ரயில்களின் மீதேறித் தலைநகரை நோக்கிப் புறப்பட்டார்கள். ஜூலை முதல் தேதி, மக்நாட்டன் பிறந்த மாகாணத்தின் தலைநகரான ரெஜைனாவில் போலீஸாருடன் மோதல் ஏற்பட்டு உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. மறு வருஷம் முகாம்கள் மூடப்பட்டன. இருபது ஸெண்டு எவ்வளவு என்பதை மக்நாட்டன் அளந்தார். அவமானம் எவ்வளவு என்பதை அளக்க அவரிடம் கருவி இல்லை.

1939-இல் இரண்டாவது மகா யுத்தம் மூண்டது. மக்நாட்டன் முதல் கானடிய டிவிஷனை இங்கிலாந்துக்கு நடத்திச் சென்று, 1942-இல் முதலாவது கானடியச் சேனைக்கே சேனாபதியானார். கானடியச் சிப்பாய்களைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆங்கிலேயர் தம் விருப்பப்படி ஆங்காங்கே செலவிடலாகாது, கானடியச் சேனை கானடியத் தலைமையின் கீழ் ஒன்றாகவே போரிட வேண்டும் என்பது அவர் கொள்கை. விமி மேட்டில் நான்கு டிவிஷன்களும் ஒன்றாக நின்றபோது ஒரு தேசம் பிறந்ததைக் கண்ணால் கண்டவர் அல்லவா? ஆனால் பிரிட்டிஷ் சேனையின் தலைமைப் பீடத்தில் இப்போது அமர்ந்திருந்தவர் அதே ஆலன் புரூக். பெருஞ்சேனையை நடத்தும் திறமை மக்நாட்டனுக்கு இல்லை என்பது புரூக்கின் தீர்ப்பு. 1943 மார்ச்சில் நடந்த போர்ப் பயிற்சியில் மக்நாட்டன் செய்த பிழைகள் அத்தீர்ப்புக்குச் சான்றாக எடுத்துக் காட்டப்பட்டன. கானடாவின் ராணுவ மந்திரி ரால்ஸ்டனும் அவருக்கு மாறுபட்டிருந்தார். 1943 டிசம்பரில் உடல்நலக் குறைவைக் காரணமாகக் காட்டி மக்நாட்டன் பதவியிலிருந்து விலகினார். அவர் வளர்த்த சேனை மறு வருஷம் போர்க்களம் புகுந்தபோது அதன் தலைமையில் வேறொருவர் இருந்தார். அவருடைய மகன் ஒருவர் 1942-இலேயே விமானப் படையில் உயிர் நீத்திருந்தார். தேசத்துக்கு அவர் கொடுத்த விலையில் அதுவும் ஒன்று.

1944 நவம்பரில் பிரதம மந்திரி மக்கென்ஸி கிங், ரால்ஸ்டனை நீக்கிவிட்டு மக்நாட்டனையே ராணுவ மந்திரியாக்கினார். கட்டாயச் சேவையின்றியே, அவர் அழைத்த மாத்திரத்தில் வாலிபர்கள் திரண்டு வருவார்கள் என்பது நம்பிக்கை. வரவில்லை. மூன்று வாரத்துக்குள் பதினாறாயிரம் பேரைக் கட்டாயமாகக் கடல் கடந்து அனுப்பும் உத்தரவு பிறந்தது. 1945 பிப்ரவரியில் நடந்த உபதேர்தலில் ஜனங்கள் அவரைத் தோற்கடித்தார்கள். ஜூனில் மறுபடியும் தோற்கடித்தார்கள். பீரங்கியின் இருப்பிடத்தைச் சில பத்துக் கஜத்துக்குள் சொல்லக் கூடியவர், ஜனங்களின் மனம் இருக்குமிடத்தை அறியாமற் போனார்.

இத்தகைய மனிதர்தாம் 1949 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு சபைக்குத் தலைவராக வீற்றிருந்தார். அவ்வருஷம் ஜனவரி முதல் தேதி காஷ்மீரில் போர் நின்றிருந்தது. ஆனால் படைகள் விலகவில்லை. இரு கட்சியாருடனும் பேசி வழி காணுமாறு சபை அவரைக் கேட்டுக்கொண்டது. டிசம்பர் 22-ந் தேதி அவர் தம் யோசனைகளை வெளியிட்டார். பாகிஸ்தானின் சேனை விலக வேண்டும், இந்தியச் சேனையும் பெரும்பாலும் விலக வேண்டும், இரு பக்கத்து உள்ளூர்ப் படைகளும் கலைக்கப்படவோ குறைக்கப்படவோ வேண்டும், வட பிரதேசத்தை உள்ளூர் அதிகாரிகளே ஐக்கிய நாடுகளின் மேற்பார்வையில் நடத்த வேண்டும், பின்னர் வாக்கெடுப்பு. பாகிஸ்தான் சிறு திருத்தங்களுடன் ஒப்புக்கொண்டது. இந்தியா அடிப்படையான திருத்தங்களைக் கேட்டது. சமஸ்தானம் 1947 அக்டோபரில் இந்தியாவுடன் முறைப்படி இணைந்தது. பாகிஸ்தான் சேனை உள்ளே இருப்பதை அந்நாடே 1948-இல் ஐக்கிய நாடுகளின் கமிஷனிடம் ஒப்புக்கொண்டது. அப்படியிருக்க வீட்டுக்குரியவனையும் புகுந்தவனையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமா என்பது இந்தியாவின் வாதம். 1950 பிப்ரவரியில் மக்நாட்டன் தம் முயற்சி பயன்படவில்லையென்று சபைக்குத் தெரிவித்தார்.

அவர் பாரபட்சம் உள்ளவர் என்று நாம் சொல்லமாட்டோம். போர்க்களத்தில் துப்பாக்கிகளை எண்ணிக் குறைத்தால் ஆபத்துக் குறையும் என்பது அவர் வாழ்நாளில் கண்ட உண்மை. அதையே காஷ்மீரிலும் செய்ய முனைந்தார். ஆனால் வழக்கு, துப்பாக்கிகளின் எண்ணிக்கையைப் பற்றியதன்று; உரிமையைப் பற்றியது. சொத்து யாருடையது என்ற பிரச்சினையை ஒதுக்கி வைத்துவிட்டு, இருவரும் சரிபாதி விலகுங்கள் என்று சொல்லும் மத்தியஸ்தரின் தீர்ப்பை எந்தக் கோர்ட்டிலும் கட்சிக்காரர்கள் எளிதில் ஏற்பதில்லை.

கடைசிக் காலத்தில் அவர் மறுபடியும் தமக்கு உகந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1950 முதல் 1962 வரை, கானடாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் பொதுவான நதிகளைக் கவனிக்கும் கமிஷனில் கானடியப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். கொலம்பியா நதியைப் பற்றி 1961-இல் கையெழுத்தான உடன்படிக்கை கானடாவின் நலனை விட்டுக் கொடுக்கிறது என்று அவர் கருதினார். எழுபத்தைந்து வயதுக்கு மேல், நீரின் அளவையும் அணைகளின் உயரத்தையும் மின்சாரத்தின் கணக்கையும் கையில் ஏந்தி ஊர் ஊராகப் பேசினார். 1964-இல் உடன்படிக்கை உறுதியாயிற்று, அவர் தோற்றார். ஆயினும் அந்தத் தோல்வியில் சிறுமை இல்லை. 1966 ஜூலை 11-ந் தேதி, தமது எழுபத்தொன்பதாவது வயதில் காலமானார்.

இவ்வரலாற்றிலிருந்து தேச ஊழியர்கள் கற்க வேண்டியது இரண்டு. தொண்டனின் வீரம் தேசத்தின் மூலதனம். அதைக் கணக்கின்றிச் செலவிடும் தலைவன், தன் ஆவேசத்துக்காகப் பிறர் பிள்ளைகளைக் கொல்கிறவன். மைதானத்தில் இறங்குமுன் அளந்தறிய வேண்டியதை அளந்தறிந்து, தன் குறையையும் எழுதி வைத்துக்கொள்வதே தலைவனின் முதற் கடமை. இது ஒன்று. மனிதர் பீரங்கியல்லர், அவர்களுடைய மானமும் உரிமையும் எந்தப் படத்திலும் புள்ளியாக விழுவதில்லை, அவற்றை அவர்களிடமே கேட்டறிய வேண்டும். இது மற்றொன்று. முதற் பாடத்தை மக்நாட்டன் தம் வெற்றியால் கற்பித்தார். இரண்டாவதைத் தோல்வியால் கற்பித்தார். இரண்டுக்கும் நாம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.